சேப்பல் ஹில்லின் கறுப்பின வரலாறு: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் வீட்டில் யாராவது இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்குவார்கள். தெரிந்தவர் பிள்ளையாக இருக்கும், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் பிள்ளையாக இருக்கும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில், அதாவது யூஎன்சியில், மேல்படிப்பு. எங்கள் ஊர் கேரியிலிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டி அவர்களைச் சேப்பல் ஹில்லில் விட்டுவிட்டு வருவேன். போகும் வழியிலும், முதல் தீபாவளிக்குத் திரும்பி வரும்போதும் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. பதில்கள் சில இடத்தில் நீளம், சில இடத்தில் குட்டை. எனக்குப் பிடித்த இடத்தில் நின்றுவிடுவது என் வழக்கம்.

சேப்பல் ஹில் எப்படிப்பட்ட ஊர்?

பல்கலைக்கழகம் முதலில் வந்தது, ஊர் அப்புறம் வந்தது. 1793 அக்டோபர் 12 அன்று முதல் கட்டடத்துக்கு அடிக்கல் நட்டார்கள். 1795-ல் வகுப்புகள் தொடங்கின. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு முதலில் கதவைத் திறந்தது இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். மைக்கேல் ஜோர்டன் படித்ததும் ஆடியதும் இங்கேதான். தெற்கு மாநிலங்களிலேயே முற்போக்கான ஊர் என்று ஊர்க்காரர்களும் சொல்வார்கள், வெளியூர்க்காரர்களும் சொல்வார்கள். அந்தப் பெயர் முழுப் பொய்யில்லை. ஆனால் வெளுத்த பெயருக்குப் பின்னால் துவைத்த கை யாருடையது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: 'கறுப்பர்' என்று சொல்லலாமா?

ஆங்கிலத்தில் 'பிளாக்' என்பது இன்று அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் சொல். 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்' என்பதும் சரி. 2020-ல் அசோசியேட்டட் பிரஸ் உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் இந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதத் தொடங்கின: அது தோலின் நிறமல்ல, ஒரு மக்களின் பெயர் என்பதற்காக. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. 'கறுப்பினத்தவர்', 'கறுப்பின மக்கள்' என்பது பழகிவிட்டது, அதையே நானும் எழுதுகிறேன்.

'நீக்ரோ' பழைய பாடப் புத்தகச் சொல். கட்டடப் பெயரிலோ பழைய ஆவணத்திலோ இருந்தால் அப்படியே படியுங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் சிலர் வாயில் வரும் 'காப்பிலி', 'காப்பிரி' வேண்டவே வேண்டாம். அரபியில் 'காஃபிர்' என்று கிளம்பி, போர்த்துகீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்த வசவு அது. பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் நம் ஆட்கள் இன்னும் பல சொற்கள் சொல்வதுண்டு. தொனி எல்லா மொழியிலும் புரியும்.

பல்கலைக்கழகத்தைக் கட்டியது யார்?

பெரும்பகுதி அடிமைகள். மரம் வெட்டி, செங்கல் சுட்டு, சுவர் எழுப்பியதோடு வேலை முடியவில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள், குளிர்காலத்தில் அறை அறையாக விறகு வைத்தார்கள், மாணவர்களின் பூட்ஸைத் துடைத்தார்கள். அடிமைகளை அவர்களுடைய எஜமானர்களிடமிருந்து வாடகைக்கு எடுத்தார்கள். வாடகைப் பணம் எஜமானருக்கு.

இதில் இன்னொரு ஏற்பாடு உண்டு, கேட்டால் தலை சுற்றும். வட கரோலினாவில் வாரிசில்லாமல் இறந்தவர்களின் சொத்து பல்கலைக்கழகத்துக்குச் சேரும் என்று 1789-ல் சட்டம். நிலம், வீடு, மாடு மாதிரி அடிமைகளும் அன்று சொத்து. ஆகவே வாரிசில்லாதவர் ஒருவர் கண்ணை மூடினால், அவரிடம் இருந்த அம்மாவும் பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வந்து சேர்வார்கள். பல்கலைக்கழகம் அவர்களை விற்றுப் பணமாக்கும். அந்தப் பணத்தில் படிப்பு நடந்தது.

வளாகத்தைச் சுற்றியும் ஊருக்குள்ளும் சுண்ணாம்பில்லாமல் அடுக்கிய தாழ்வான கல்மதில்களைப் பார்ப்பீர்கள். எல்லோரும் உட்கார்ந்து போட்டோ எடுக்கும் இடம். 1830-களின் இறுதியில் எலிஷா மிட்செல் என்ற பேராசிரியர், வளாகத்துக்குள் புகும் மாடு பன்றிகளைத் தடுக்கக் கல்மதில் வேண்டும் என்று தொடங்கியது. எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. கல்லை அடுக்கியவர்கள் பெயர் இல்லை. பின்னாளில் இந்த ஊரின் கறுப்பினக் கொத்தனார்கள் அந்தக் கைவேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள்.

ஒரு அடிமைக் கவிஞர் இருந்தாராமே?

ஜார்ஜ் மோசஸ் ஹோர்ட்டன். எனக்குப் பிடித்த இடம் என்று சொன்னேனே, இதுதான்.

1798 வாக்கில் பிறந்தவர். பக்கத்து மாவட்டமான சாத்தமில் ஒரு பண்ணையில் அடிமை. பழைய எழுத்துக்கூட்டுப் புத்தகத்தையும் துதிப்பாடல் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு தானாகப் படிக்கக் கற்றார். எழுதத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணையிலிருந்து பழம் சுமந்து மைல் கணக்கில் நடந்து சேப்பல் ஹில்லுக்கு வந்து விற்பார். மாணவர்கள் அவரை நிறுத்தி வைத்துப் பேசச் சொல்லி வேடிக்கை பார்த்தார்கள். அவர் பேச்சை விட்டுவிட்டுக் கவிதை சொன்னார்.

அப்புறம் வியாபாரம் மாறியது. மாணவன் தன் காதலியின் பெயரைச் சொல்வான். ஹோர்ட்டன் அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்கும்படி ஒரு காதல் கவிதை கட்டுவார். மனசுக்குள்ளேயே கட்டி, அடுத்த முறை வரும்போது வாயால் சொல்ல, மாணவன் எழுதிக்கொள்வான். விலை 25 சென்ட். கொஞ்சம் உருக்கமாக வேண்டுமென்றால் 75 சென்ட் வரை. தன் பொழுதைத் தானே வாங்கிக்கொள்ள எஜமானருக்கு நாள் ஒன்றுக்கு 25 சென்ட் கட்டினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாள் மனிதனாக இருக்க ஒரு காதல் கவிதை.

1829-ல் ராலேயில் அவருடைய தொகுப்பு அச்சானது. அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பினத்தவர் வெளியிட்ட முதல் புத்தகம். அதை விற்று வரும் காசில் விடுதலை வாங்குவதுதான் திட்டம். காசு சேரவில்லை. எழுதக் கற்றதே அதற்குப் பிறகுதான். 1865-ல் உள்நாட்டுப் போரின் முடிவில் வடக்குப் படை வந்தபோது விடுதலை. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. இன்று ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயர். அங்கே அறை கிடைத்த ஒரு பையன் "ஹோர்ட்டன் யாரு அங்கிள், யாராவது டோனரா?" என்று கேட்டான். ஒரு வகையில் ஆமாம்.

வளாகத்தில் சிலை ஒன்றை இழுத்துத் தள்ளினார்களே, அது எங்கே?

மெக்கார்க்கிள் பிளேஸ் என்ற புல்வெளியில் இருந்தது. உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விட மறுத்த தெற்குப் படைக்காகச் சண்டையிட்ட மாணவர்களுக்கான சிலை, 'சைலன்ட் சாம்' என்று பெயர். வைத்த ஆண்டைக் கவனியுங்கள்: 1913. போர் முடிந்து 48 ஆண்டுகள் கழித்து. திறப்பு விழாவில் ஜூலியன் கார் என்ற தொழிலதிபர் பேசினார். போரிலிருந்து திரும்பிய சில மாதங்களில், இதே இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பினப் பெண்ணைக் குதிரைச் சவுக்கால் பாவாடை கிழிய அடித்ததை மேடையில் பெருமையாகச் சொன்னார். அந்தப் பேச்சு ஆவணக் காப்பகத்தில் ஒரு நூற்றாண்டு தூங்கியது. 2011-ல் மாணவர் பத்திரிகையில் ஒருவர் அதை எடுத்துப் போட்டபிறகு 'இது வெறும் நினைவுச் சின்னம்' என்று வாதாடுவது கடினமாகிவிட்டது. 2018 ஆகஸ்ட் 20 இரவு கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. பீடத்தை 2019 ஜனவரியில் பல்கலைக்கழகமே அகற்றியது.

அதே புல்வெளியில், சிலை இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு கருங்கல் மேசை இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். வட்டமான கறுப்புக் கிரானைட் பலகை, சுற்றி ஐந்து கல் இருக்கைகள். குனிந்து பார்த்தால் பலகையைத் தாங்குவது கால்கள் அல்ல, 300 சின்ன வெண்கல மனிதர்கள். கை தூக்கி நெருக்கியடித்து நிற்கிறார்கள். தோ ஹோ சுஹ் என்ற கொரியச் சிற்பி செய்தது, 2005-ல் திறந்தார்கள். பல்கலைக்கழகத்தைக் கட்ட உதவிய, பாடப்படாத கறுப்பின மக்களுக்கான நினைவுச் சின்னம்.

நான் முதல் தடவை போனபோது அது எனக்குத் தெரியாது. நல்ல நிழல், உட்கார இடம் என்று டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். கீழே விழுந்த பருக்கையைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் அந்த முகங்கள். மழைச் சேறு தெறித்து முட்டிவரை அப்பியிருந்தது. ஒரு படைவீரனை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் வைத்த இடத்தில், இவர்களை முழங்கால் உயரத்தில் வைத்து மேலே தட்டு வைக்கவும் வழி செய்தது சரியா என்று இங்கே நெடுநாளாகச் சண்டை. சிற்பி வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார் என்பார்கள் ஒரு சாரார். இருக்கலாம். எனக்கு அந்தச் சாதம் அப்புறம் இறங்கவில்லை.

நார்த்சைடு என்று ஒரு பகுதியைச் சொல்கிறார்களே?

வளாகத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடை. ஃபிராங்க்லின் தெருவைத் தாண்டி, ரோஸ்மேரி தெருவைத் தாண்டினால் நார்த்சைடு. தெற்கே கொஞ்சம் தள்ளிப் பைன் நோல்ஸ். தகரக் கூரைகளால் 'டின் டாப்' என்று பெயர் வந்த இடம் ஒன்றும் உண்டு. பல்கலைக்கழகத்தில் சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், தோட்டம் பார்த்தவர்கள், கல் கட்டியவர்கள் குடியிருந்த இடங்கள் இவை. பல்கலைக்கழகம் நடக்க இவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆனால் உள்ளே படிக்கவோ, ஃபிராங்க்லின் தெருக் கடையில் உட்கார்ந்து சாப்பிடவோ கூடாது.

உள்ளே எல்லாம் அவர்களே செய்துகொண்டார்கள்: தேவாலயம், பள்ளிக்கூடம், முடிவெட்டும் கடை, சவ அடக்கத்துக்கு ஏற்பாடு. ஹார்கிரேவ்ஸ் சமூகக் கூடத்தைப் போய்ப் பாருங்கள். 1942-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு கறுப்பின இசைக்குழுவைச் சேப்பல் ஹில்லுக்கு அனுப்பியது. அதுவரை கடற்படையில் கறுப்பினத்தவர்களுக்குச் சமையல், எடுபிடி வேலைதான். இவர்கள் அந்தத் தடையைத் தாண்டிய முதல் அணி. ஆனால் வளாகத்தில் தங்க இடம் தர மாட்டார்கள். எனவே இந்தக் கூடத்தில் தங்கி, தினமும் காலையில் சீருடையோடு வாத்தியம் முழங்க வளாகத்துக்கு அணிவகுத்துப் போய்க் கொடியேற்றத்துக்கு வாசித்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தார்கள். 1960 மே மாதம் மார்ட்டின் லூதர் கிங் சேப்பல் ஹில் வந்தபோது பேசிய இடங்களில் இதுவும் ஒன்று.

தேவாலயத்தை முதலில் சொன்னீர்களே, ஏன்?

கூட்டம் போட, பணம் சேர்க்க, போராட்டத்துக்குக் கிளம்ப வேறு இடம் கிடையாது. செயின்ட் பால் ஏஎம்ஈ (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம் 1864-ல் தொடங்கியது. ரோஸ்மேரி தெருவில் உள்ள செயின்ட் ஜோசஃப் பக்கத்தில்தான் இன்று மேரியன் சீக் ஜாக்சன் மையம் இயங்குகிறது. நார்த்சைடு பெரியவர்களின் குரலைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள், முதியவர்களின் வீடு கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வரலாறு சொல்லும் வேலையும் வீட்டு வரி பாக்கியைக் கவனிக்கும் வேலையும் ஒரே இடத்தில் நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளையர் தேவாலயம் ஒன்றின் கதையும் இங்கே சேரும். வளாகத்தை ஒட்டிய சேப்பல் ஆஃப் தி கிராஸ். 1854-ல் கொர்னீலியா என்ற அடிமைச் சிறுமிக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவளுடைய அம்மா ஹாரியட், ஸ்மித் என்ற வசதியான குடும்பத்தின் அடிமை. அப்பா அந்த வீட்டு மகன், ஹாரியட்டை வன்புணர்ந்தவன். ஸ்மித் குடும்பத்துப் பெரியவர் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர். அவருடைய மகள் மேரி ரஃபின் ஸ்மித் தன் நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார், ஏழை மாணவர்களின் படிப்புக்கு.

கொர்னீலியாவின் பேத்தி பாலி மர்ரி. பக்கத்து ஊர் டர்ஹமில் வளர்ந்தவர். 1938-ல் யூஎன்சியில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்தார். உங்கள் இனத்தவரைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. அவருடைய ரத்த உறவு எழுதிவைத்த நிலத்தின் பணத்தில் மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். மர்ரி வழக்கறிஞரானார், பெண்ணுரிமைச் சட்டச் சண்டைகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார். 1977-ல் எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் கறுப்பினப் பெண் குருவானார். முதல் திருப்பலியை எங்கே நடத்தினார் தெரியுமா? பாட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே சேப்பல் ஆஃப் தி கிராஸில். அடுத்த ஆண்டு யூஎன்சி அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தது. பல்கலைக்கழகங்களில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு அந்த நிர்வாகம் அப்போது முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்ததால், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முற்போக்கான ஊர் என்கிறீர்கள், அப்புறம் எதற்குப் போராட்டம்?

நானும் இதைத்தான் கேட்டேன். முற்போக்கு என்ற பெயரே இங்கே ஒரு மதில் மாதிரி. "நாங்கள் அலபாமா இல்லையே" என்று சொல்லியே பல காரியத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

1947-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்களில் இனப்படி உட்காரவைப்பது செல்லாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பைச் சோதிக்க, எட்டு வெள்ளையரும் எட்டுக் கறுப்பினத்தவரும் தெற்கே பயணம் கிளம்பினார்கள். சேப்பல் ஹில் பஸ் நிலையத்தில் நால்வர் கைது. அவர்களில் ஒருவர் பேயார்ட் ரஸ்டின், பின்னாளில் 1963 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்தவர். 1949-ல் வந்து தண்டனையை அனுபவித்தார், 22 நாள், சாலை போடும் கைதிகளோடு. அந்தத் தண்டனையை ஆரஞ்சு மாவட்ட நீதிமன்றம் ரத்து செய்தது 2022-ல். நால்வரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் கல்லூரி மாணவர்கள் நால்வர் சாப்பாட்டுக் கவுன்டரில் உட்கார்ந்தது உலகப் புகழ். அதே மாதம் 28-ஆம் தேதி சேப்பல் ஹில்லில் உட்கார்ந்த ஒன்பது பேர் பள்ளிக்கூடப் பையன்கள், லிங்கன் உயர்நிலைப் பள்ளி. இடம் கலோனியல் டிரக் ஸ்டோர், நார்த்சைடின் விளிம்பில். அங்கே அவர்கள் தினம் காசு கொடுத்து வாங்கலாம், நின்று வாங்கி வெளியே கொண்டுபோகலாம், உட்காரத்தான் கூடாது. உட்கார்ந்தார்கள். இப்போது அந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது, 60 ஆண்டு கழித்து வைத்தது.

1963-லும் 64-லும் போராட்டம் தீவிரமானது. கடைக்குள் உட்கார்ந்த போராட்டக்காரர்கள் மேல் அமோனியா ஊற்றிய கதையெல்லாம் உண்டு. எல்லா இடத்திலும் எல்லோருக்கும் அனுமதி என்று ஒரு சட்டம் போடுங்கள் என்று ஊர் நிர்வாகத்தைக் கேட்டார்கள். போடவில்லை. 1964 ஜூலையில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தபிறகு மற்ற ஊர்களோடு இதுவும் திறந்தது.

லிங்கன் பள்ளி இப்போது இருக்கிறதா?

கட்டடம் இருக்கிறது, பள்ளி நிர்வாக அலுவலகமாக. 1966-ல் கறுப்பின, வெள்ளையர் பள்ளிகளை ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கியது என்றால், இதை மூடிவிட்டு பிள்ளைகளைப் புதிய சேப்பல் ஹில் ஹைஸ்கூலுக்கு அனுப்பியது. பேண்டு, சின்னம், கோப்பைகள், தலைமையாசிரியரின் நாற்காலி எல்லாம் போயின. லிங்கனில் படித்தவர்கள் இன்றும் கூடுகிறார்கள். சமத்துவம் கேட்டோம், எங்கள் பள்ளியை எடுத்துக்கொண்டார்கள் என்ற வருத்தம் அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும். ஒருங்கிணைப்பு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, ஒரு பக்கம் மட்டும் கரைந்தது என்கிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்குள் எப்போது சேர்த்தார்கள்?

வழக்குப் போட்டு. 1951-ல் சட்டக் கல்லூரியில் முதலில். இளநிலையில் 1955-ல் டர்ஹமிலிருந்து மூன்று பையன்கள். முதல் கறுப்பினப் பேராசிரியர் ஹார்ட்டென்ஸ் மெக்ளின்டன், 1966.

1969-ஐ மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பிப்ரவரியில் லெனோர் ஹால் உணவகத்து ஊழியர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வேலையை நிறுத்தினார்கள். மேரி ஸ்மித், எலிசபெத் புரூக்ஸ் என்ற இருவர் முன்னால் நின்றார்கள். காலையில் வேலை, நடுவில் சம்பளமில்லாத இடைவெளி, மறுபடி மாலையில் வேலை. கூடுதல் நேரத்துக்குக் கூலி ஒழுங்காக வராது. மரியாதை இன்னொரு பிரச்சினை. அன்றைய தெற்கில் வெள்ளைக்காரர் கறுப்பினப் பெண்ணை, பாட்டி வயதானாலும், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், 'மிஸஸ்' சேர்க்க மாட்டார். 'வாங்க'வுக்கும் 'வா'வுக்கும் உள்ள தூரம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்பின மாணவர் இயக்கம் கூடவே நின்றது. மேனிங் ஹாலில் அந்தப் பெண்கள் சமைக்க, மாணவர்கள் அங்கே போய்ச் சாப்பிட்டார்கள். ஆளுநர் போலீஸை அனுப்பினார். கடைசியில் மாநில ஊழியர்களின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 1.80 டாலராக உயர்த்தினார். பல்கலைக்கழகம் உணவகத்தைத் தனியாருக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு முடியுமுன் மறுபடி வேலைநிறுத்தம்.

அதே ஆண்டு ஹோவர்ட் லீ மேயரானார். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெற்கத்திய ஊர் ஒன்று கறுப்பினத்தவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது நவீன காலத்தில் அதுதான் முதல் முறை. ஊருக்குப் பஸ் கொண்டுவந்தது அவர் காலத்தில். நீங்கள் இன்று காசு கொடுக்காமல் ஏறி இறங்குகிறீர்களே, அந்த பஸ்.

இரண்டே வருடத்தில் இந்தப் பெருமை அடி வாங்கியது. 1970 நவம்பர் 21 அதிகாலை, மாணவர் சங்கக் கட்டடத்தில் நடன இரவு. நார்த்சைடுப் பையன் ஜேம்ஸ் கேட்ஸ், 22 வயது. வெள்ளை மோட்டார் சைக்கிள் கும்பலோடு தகராறு, கத்திக்குத்து. பல்கலைக்கழக மருத்துவமனை ஒரு மைலுக்குள் இருந்தும் தாமதமாகி, ரத்தம் போயே இறந்தார். மூன்று பேர் மேல் வழக்கு, மூவரும் விடுதலை. வளாகத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் வர 2022 ஆனது.

நார்த்சைடில் நான் பார்த்தது மாணவர்கள்தானே?

ஆமாம். வளாகத்துக்குப் பக்கம் என்பதுதான் அந்த இடத்தின் வாழ்வும் சாபமும். பாட்டி இறந்ததும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டை விற்கிறார்கள். வாங்குபவர் அதை இடித்தோ நீட்டியோ அறை அறையாகத் தடுத்து மாணவர்களுக்கு விடுகிறார். நான்கு மாணவர் கொடுக்கும் வாடகையை ஒரு சமையல்காரர் குடும்பம் கொடுக்க முடியாது. ஒரு வீடு அந்த விலைக்குப் போனால் பக்கத்து வீட்டின் மதிப்பு ஏறும், வீட்டு வரி ஏறும், ஓய்வூதியத்தில் இருப்பவர் தடுமாறுவார். அவர் வீட்டுக்கும் புரோக்கர் கடிதம் வரும். 1980-ல் நார்த்சைடில் 1,159 கறுப்பினத்தவர் இருந்தார்கள். 2010-ல் 690.

2015-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பல்கலைக்கழகம் 30 லட்சம் டாலரை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. டர்ஹமில் உள்ள செல்ஃப்-ஹெல்ப் என்ற நிறுவனம் அந்தப் பணத்தில் விற்பனைக்கு வரும் வீட்டை உடனே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளும். அப்புறம் நிதானமாக, மாணவர் விடுதியாக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு, குடும்பங்களுக்கோ வீட்டு வசதி அமைப்புகளுக்கோ விற்கும். புரோக்கரின் பலம் ரொக்கமும் வேகமும்தான், அதையே எதிர்ப்பக்கமும் செய்வது. நல்ல யோசனை. எனக்கு ஒரே குறை, முப்பது வருடம் முன்னால் செய்திருக்கலாம்.

வாடகைக்கு அறை தேடும் பிள்ளைகளுக்கு: அங்கே எடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் பணநிலைமை எனக்குத் தெரியும். எடுத்தால் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு வணக்கம் சொல்லுங்கள். காரைப் புல்லில் நிறுத்தாதீர்கள்.

சாப்பாடு, பாட்டு?

மில்ட்ரெட் கவுன்சில். கை நீளமாம், தண்ணீர்ப் பீப்பாயின் அடிவரை எட்டி முகக்க முடியும் என்பதால் சிறு வயதில் 'டிப்' என்று பெயர், பின்னால் ஊருக்கே 'மாமா டிப்' (ஆங்கில 'மாமா', அதாவது அம்மா). 1976-ல் 64 டாலரோடு கடை திறந்தார். அதில் 40 காலைச் சாப்பாட்டுக்குச் சாமான், 24 சில்லறை. காலை வியாபாரத்தில் வந்ததைக் கொண்டு மதியச் சாமான், மதியத்தில் வந்ததைக் கொண்டு இரவுச் சாமான். அன்று இரவு கல்லாவில் 135 டாலர். 2018-ல் தன் 89-ஆவது வயதில் காலமானார்.

பாட்டுக்கு எலிசபெத் காட்டன். பக்கத்து ஊர் கார்பரோ, தண்டவாளத்தை ஒட்டிய வீடு. சின்ன வயதில் வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் 3.75 டாலருக்குக் கிட்டார் வாங்கினார். இடது கைக்காரர், சொல்லித் தர ஆள் இல்லை, கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். சிறுமியாக இருக்கும்போதே சரக்கு ரயிலைப் பற்றிக் கட்டிய பாட்டை உலகம் கேட்டது அவர் அறுபதைத் தாண்டிய பிறகு. தொண்ணூறு வயதை ஒட்டி கிராமி வந்தது. கார்பரோவில் ஒரு சைக்கிள் பாதைக்கு அவர் பெயர். ஊருக்கு இருக்கும் பெயர் யாருடையது தெரியுமா? அந்தச் சவுக்குப் பேச்சு ஜூலியன் காருடையது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அங்கிள்?

இந்தக் கேள்வி கேட்காத வருடம் இல்லை. 1965-க்கு முன் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர்தான் குடியேறலாம் என்ற அளவில் கதவு மூடியிருந்தது. வாக்குரிமைச் சட்டம் போட்ட அதே நாடாளுமன்றம் அதே ஆண்டு குடியேற்றச் சட்டத்தையும் மாற்றியது. இனத்தைப் பார்த்து ஆளை ஒதுக்கி வைப்பது தப்பு என்று தெருவில் அடி வாங்கிச் சொன்னவர்கள் இல்லாவிட்டால் கேரியில் கோயில் கோபுரம் எழுந்திருக்காது.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளில் ஹார்வர்டோடு நின்ற இன்னொரு பிரதிவாதி யூஎன்சி. ஆசிய மாணவர்களின் பெயரும் அந்த வாதத்தில் அடிபட்டது. நம் வீட்டு விருந்துகளில் அன்று மகிழ்ச்சி, மறைக்க வேண்டாம். 2024-ல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் கறுப்பினத்தவர் 10.5 சதவீதத்திலிருந்து 7.8 ஆனார்கள். ஆசியர்கள் ஒரு சதவீதம் கூடினார்கள். அந்த ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம் என்று சாம்பார் வாளியோடு நின்றபடி ஒரு தடவை கேட்டுவிட்டேன். பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது.

ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே நடப்பது?

காலையில் மெக்கார்க்கிள் பிளேஸ், அந்த மேசை. குனிந்து பாருங்கள். அங்கிருந்து சேப்பல் ஆஃப் தி கிராஸ். ஃபிராங்க்லின் தெருவில் மேற்கே நடந்தால் ஒன்பது பையன்களின் நினைவுச் சின்னம். வலப்பக்கம் இறங்கினால் நார்த்சைடு, ஹார்கிரேவ்ஸ் கூடம். அது குடியிருப்பு, ஜன்னலுக்குள் போட்டோ எடுக்காதீர்கள்.

மாலையில் பழைய கல்லறைத் தோட்டம். 1798-லிருந்து இருக்கிறது. செத்த பிறகும் பிரித்தே வைத்தார்கள், நடுவில் தாழ்வான கல்மதில். மேற்குப் பக்கத்துப் பகுதிகள் கறுப்பினத்தவருக்கு. அங்கே ஒரு கூர்நுனிக் கல்தூண் இருக்கிறது. முதலில் ஜோசஃப் கால்ட்வெல் என்ற பல்கலைக்கழகத் தலைவருக்கு வைத்தது. அவருக்கு வேறு பெரிதாகக் கட்டியதும் பழையதை வில்சன் கால்ட்வெல் உள்ளிட்ட கறுப்பின ஊழியர்கள் நால்வருக்குக் கொடுத்துவிட்டார்கள். வில்சனின் அப்பா நவம்பர், ஜோசஃப் கால்ட்வெல்லின் அடிமையாக இருந்தவர். அவர் பெயரும் அந்தத் தூணில் இருக்கிறது.

அந்தப் பகுதியின் மற்ற கல்லறைகளில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தலைமாட்டில் வயலில் பொறுக்கிய கல் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, அவ்வளவுதான். இலைகளுக்கு அடியில் இருப்பதால் சாதாரணக் கல் என்று மிதித்துவிடுவோம், பார்த்து நடங்கள். மழை பெய்திருந்தால் சரிவில் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.